நாற்பது வகை உடலில் அறுபத்தொன்று எஞ்சின்: ஒரு வான்சாகச மாதிரி விமானத்தின் நிகழ்வு ஆய்வு

ரேடியோவால் இயக்கப்படும் வான்சாகச மாதிரி விமானம் ஒன்றில், அதன் உடல் எந்த எஞ்சினுக்காக வடிவமைக்கப்பட்டதோ அதைவிட ஒரு படி பெரிய எஞ்சினைப் பொருத்தியபோது என்ன நடந்தது, ஏன் நடந்தது, பிறகு அது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. விமானம் ஓர் இளைஞருடையது. பெரிய எஞ்சினைப் பொருத்தி ஓரிரு மாதங்கள் பறக்கவிட்ட பிறகு, அதன் நடத்தை மனநிறைவு தராததால், பரிசோதித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார். கீழே தரப்படும் எடைகளும் ப்ரொப்பெல்லரின் இழுவை அளவுகளும் தராசிலும் சுருள்வில் தராசிலும் எடுக்கப்பட்டவை. சுழற்சி வேகங்கள் டாக்கோமீட்டரில் எடுக்கப்பட்டவை. வேகம், சிறகுச் சுமை ஆகியவை கணக்கிட்டுப் பெறப்பட்டவை என்பதால், அவற்றை ஒப்பீட்டுக்கு மட்டுமே கொள்ள வேண்டும்.

விமானமும் தேவையும்

விமானம் பால்சா மரத்தாலும் பிளைவுட்டாலும் கட்டப்பட்ட, தாழ்சிறகு அமைப்புடைய, வால்சக்கர வகை மாதிரி. சிறகின் முழு நீளம் 1.47 மீட்டர், பரப்பு 36 சதுர டெசிமீட்டர், சராசரி அகலம் 245 மில்லிமீட்டர். ஆர்.சி. பறப்போர் பேச்சில் இது ‘நாற்பது வகை’ உடல், அதாவது 0.40 முதல் 0.46 கன அங்குலம் வரையிலான கொள்ளளவுடைய இரண்டு-ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சினை (சூடான கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைப்பது) மனத்தில் வைத்து வரையப்பட்டது. அதில் முதலில் இருந்தது 46 எஞ்சின்: சிலிண்டர் விட்டம் 22 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 19.6 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 7.45 சி.சி. எரிபொருள் இல்லாமல் விமானத்தின் எடை 2.4 கிலோ. இந்த அளவுக்கு இது குறை சொல்ல முடியாத எடை.

எஞ்சினை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வெறும் ஆசையில் பிறந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பறக்கும் இடம் ஓசூரை அடுத்த மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே 30 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.05 கிலோ அளவில்தான் இருக்கும். எஞ்சின் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் உள்ள திறன் எண்கள் பெரும்பாலும் கடல்மட்டக் காற்றுக்கு, அதாவது ஏறத்தாழ 1.225 கிலோவுக்குப் பொருந்துபவை. அந்த இடைவெளி மட்டுமே எஞ்சின் திறனில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதோடு, அங்கே பயன்படுத்தப்படும் எரிபொருள் 80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு விளக்கெண்ணெயும் கலந்தது; நைட்ரோமீத்தேன் எளிதாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. அடர்த்தி குறைந்த காற்றும் நைட்ரோ இல்லாத எரிபொருளும் சேர்ந்தபோது, சமவெளியில் நன்றாகப் பறந்திருக்கக்கூடிய இந்த விமானம், பெரிய லூப்பின் (செங்குத்தான முழு வட்டத்தின்) மேல்பாதியை எட்டும்போது வேகம் இழந்து தொங்கியது. செங்குத்தாக ஏறும்போது விரைவிலேயே மூச்சு வாங்கியது. “ஹோவர் எல்லாம் வேண்டாம் அண்ணா, லூப் உச்சியில தொங்காம போனாப் போதும்” என்று அந்த இளைஞர் சொன்னது நியாயமான கோரிக்கை. (ஹோவர் என்பது மூக்கை மேலே நிமிர்த்தி ஒரே இடத்தில் நிற்பது.) அந்தக் கோரிக்கையை அளவுகோலாக வைத்தே இந்த ஆய்வு முழுவதையும் நடத்தினேன்.

முதல் மாற்றமும் அதன் விளைவும்

அவர் பொருத்தியது 61 எஞ்சின்: விட்டம் 24 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 22 மில்லிமீட்டர், கொள்ளளவு 9.95 சி.சி. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 46 எஞ்சின் சைலன்சருடன் 490 கிராம் எடை; 61 எஞ்சின் சைலன்சருடன் 700 கிராம். பெரிய எஞ்சின் தாங்கி, எம்3-க்குப் பதிலாக எம்4 போல்ட்டுகள், பெரிய ப்ரொப்பெல்லர், ஸ்பின்னர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 40 கிராம். ஆக, மூக்கில் கூடிய எடை 250 கிராம். ப்ரொப்பெல்லராக 12×8, அதாவது 12 அங்குல விட்டமும் 8 அங்குலப் பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) உடையதைத் தேர்ந்தெடுத்திருந்தார். 61 எஞ்சினுக்குப் பலரும் பரிந்துரைக்கும் அளவு அது என்பதால், அந்தத் தேர்வில் வெளிப்படையாகத் தவறு எதுவும் தெரியவில்லை. மூக்கில் கூடிய எடையை ஈடுகட்ட, வாலின் அடியில் ஈயம் பதித்து, ஈர்ப்பு மையத்தை வரைபடம் சொன்ன இடத்துக்கே, அதாவது சிறகின் முன்விளிம்பிலிருந்து 75 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருந்தார்.

இந்த நிலையில் விமானத்தின் எடை 2.755 கிலோ. தரையில் 12×8 ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,400 சுற்றுகள் சுழன்றது. சுருள்வில் தராசு காட்டிய இழுவை 2.8 கிலோ. பழைய 46 எஞ்சினை மாற்றுவதற்கு முன் அவரே எடுத்து வைத்திருந்த அளவுகள் கையில் இருந்தது இந்த ஆய்வுக்குப் பெரிய உதவியாக அமைந்தது: 11×6 ப்ரொப்பெல்லருடன் 12,000 சுற்றுகள், 2.5 கிலோ இழுவை. இப்போது இரண்டையும் எடையால் வகுத்துப் பாருங்கள். பழைய நிலையில் இழுவைக்கும் எடைக்கும் உள்ள விகிதம் 1.04. புதிய நிலையில் 1.02. எஞ்சின் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடிய பிறகும், செங்குத்து ஏற்றத்துக்குத் தேவையான அந்த ஒரே விகிதம் கூடவே இல்லை. சொல்லப்போனால் ஒரு நூலளவு குறைந்திருந்தது. கூடுதல் திறன் காணாமல் போகவில்லை. அது வேறு ஒன்றாக, யாரும் கேட்காத வேகமாக மாறியிருந்தது.

அவர் சொன்ன குறைகள் மூன்று. விமானம் ஸ்பின்னிலிருந்தும் (வேகமிழந்து சுழன்று விழுவது) ஸ்னாப் ரோலிலிருந்தும் (திடீரென வேகமாக உருள்வது) கட்டளை கொடுத்த இடத்தில் நிற்காமல் அரைச் சுற்று தாண்டியே நின்றது. தரையிறங்கும்போது ஓடுதளத்தின் முடிவு வரை மிதந்து சென்றது. மூன்றாவதுதான் அவரை என்னிடம் வரவைத்தது: முழு த்ராட்டிலில் சாய்ந்து இறங்கும்போது சிறகிலிருந்து தேனீக்கூட்டம் போன்ற ஓர் இரைச்சல் எழுந்தது, த்ராட்டிலைக் குறைத்ததும் அது அடங்கியது.

எடை எங்கே உட்காருகிறது

250 கிராம் என்பது 2.4 கிலோ விமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்த அளவு எடையை ஈர்ப்பு மையத்தில் வைத்துப் பறந்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் எஞ்சின் இருப்பது ஈர்ப்பு மையத்துக்கு 310 மில்லிமீட்டர் முன்னால். எந்த ஈடும் செய்யாமல் விட்டிருந்தால், ஈர்ப்பு மையம் 29 மில்லிமீட்டர், அதாவது சிறகு அகலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு முன்னோக்கிப் போயிருக்கும். அந்த நிலையில் விமானம் பறக்கும். ஆனால் எலிவேட்டரை (மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் வாலில் உள்ள அசையும் பரப்பை) முழுவதும் இழுத்தாலும் லூப் பெரிதாகவே விரியும், தரையிறங்கும்போது மூக்கு நிமிர மறுக்கும். எனவே ஈடு தேவைதான். கேள்வி, அதை எதைக்கொண்டு செய்வது என்பது.

வால் நுனி ஈர்ப்பு மையத்துக்கு 740 மில்லிமீட்டர் பின்னால் இருப்பதால், 105 கிராம் ஈயம் போதும் என்று எளிய கணக்கு சொல்கிறது. அவர் வைத்திருந்ததும் அதே அளவுதான். எடையைப் பொறுத்தவரை அது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் விமானம் மூக்கைத் தூக்கவோ திருப்பவோ முயலும்போது எதிர்ப்பது எடை மட்டுமல்ல, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கமும்தான். முன்னால் கூடிய 250 கிராம் எஞ்சின் எடை சுழற்சி நிலைமத்தில் சேர்ப்பது 0.024 கிலோ-மீட்டர் வர்க்கம். பின்னால் வைத்த 105 கிராம் ஈயம் சேர்ப்பது 0.0575. பெரிய எஞ்சின் செய்த கெடுதலைவிட, அதை ஈடுகட்ட வைத்த சிறிய ஈயத்துண்டு இரண்டு மடங்குக்கும் மேல் கெடுதல் செய்திருந்தது. ஸ்பின்னில் சுழல ஆரம்பித்த உடல் ஏன் நிற்க மறுத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சாகச விமானத்தில் தூய ஸ்னாப் ரோல் என்பது தொடங்குவதில் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது. நிறுத்தும் திறனை ஈயம் வாங்கிக்கொண்டிருந்தது.

நான் பரிந்துரைத்தது, புதிய எடையைச் சேர்ப்பதற்கு முன் ஏற்கெனவே உள்ள எடையை நகர்த்துவது. 100 கிராம் ரிசீவர் பேட்டரி, எரிபொருள் தொட்டிக்குக் கீழே, மையத்துக்கு 150 மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. உடலின் அடிப்பகுதியில் சிறு கதவு ஒன்றை வெட்டி, உள்ளே மெல்லிய பிளைவுட் தட்டு ஒட்டி, மையத்துக்கு 400 மில்லிமீட்டர் பின்னால் அதை வைத்தோம். அந்த ஒரே நகர்வு, தேவையான ஈட்டில் பத்தில் ஏழு பங்கை முடித்துவிட்டது. வாலில் 30 கிராம் ஈயம் மட்டும் மிஞ்சியது. ஈடு செய்வதற்காகச் சேர்ந்த நிலைமம் 0.0575-இலிருந்து 0.030-க்கு இறங்கியது, மொத்த எடையும் 75 கிராம் குறைந்தது. எலிவேட்டர் சர்வோவை (அதை அசைக்கும் சிறு மின்மோட்டாரை) வாலுக்கே கொண்டுபோவது இன்னொரு வழி. அதில் தள்ளுகோல் குட்டையாகி இணைப்பு விறைப்பாகும் நன்மை உண்டு. ஆனால் 45 கிராம் சர்வோ வால் நுனியில் போய் உட்காரும். ஈயத்துக்குச் சொன்ன அதே எதிர்ப்பு அதற்கும் பொருந்தும். அதனால் சர்வோவை இருந்த இடத்திலேயே விட்டு, மரத் தள்ளுகோலுக்குப் பதிலாகக் கார்பன் குழாயைப் போட்டோம்.

பேட்டரியை அவ்வளவு பின்னால் வைத்ததால் நீண்ட கம்பி தேவைப்பட்டது. மெல்லிய நீட்டிப்புக் கம்பி போடாமல் கனமான கம்பியையே போட வேண்டும். இணைப்பு கழலாதபடி கட்டவும் வேண்டும். அந்த இணைப்பு கழன்றால் விமானம் முழுவதும் போய்விடும்.

எரிபொருள் தொட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 61 எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் 300 மில்லிலிட்டர் தொட்டியை 360 ஆக்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்பதே என் கருத்து. நிரம்பிய 300 மில்லிலிட்டர் தொட்டியின் எரிபொருள் ஏறத்தாழ 247 கிராம். அதுவே பறக்கத் தொடங்கும்போது ஈர்ப்பு மையத்தை 14 மில்லிமீட்டர் முன்னே தள்ளிவிடுகிறது, தீரத் தீரப் பின்னே விடுகிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் இந்த ஊசலாட்டமும் பெரிதாகும். ஒரே பறப்பில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு வேறு விமானங்களை ஓட்டுவது போலாகிவிடும். பறக்கும் நேரத்தை இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்வது மேல். ஆனால் தொட்டியின் உயரத்தை மாற்ற வேண்டியிருந்தது: பெரிய எஞ்சினின் கார்ப்பரேட்டர் பழையதைவிடச் சற்று மேலே அமைந்துவிட்டதால், தலைகீழாகப் பறக்கும்போது கலவை செறிவாகி எஞ்சின் தடுமாறியது. தொட்டிக்கு அடியில் 6 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் வைத்து, தொட்டியின் நடுக்கோட்டை ஸ்ப்ரே பாரின் (கார்ப்பரேட்டரில் எரிபொருளை விடும் குழாயின்) மட்டத்துக்கு உயர்த்தியதும் அந்தத் தடுமாற்றம் போனது.

ப்ரொப்பெல்லரே தீர்மானிக்கிறது

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்று கருதுகிறேன். எஞ்சின் தருவது சுழல்விசை மட்டுமே. அதை இழுவையாக்குவதா, வேகமாக்குவதா என்று முடிவு செய்வது ப்ரொப்பெல்லர். பிட்ச்சைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் பிட்ச் வேகம் ஒரு நல்ல ஒப்பீட்டு எண். (காற்றில் சுழற்சி சற்றுக் கூடும், காற்றின் தடை வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அதனால் இதை உண்மையான பறப்பு வேகம் என்று கொள்ளக்கூடாது.) பழைய 11×6 ப்ரொப்பெல்லருக்கு இது மணிக்கு 110 கிலோமீட்டர். 61 எஞ்சினில் போட்ட 12×8-க்கு 127 கிலோமீட்டர்.

வேகம் 15 விழுக்காடு கூடினால், சிறகின் மீதும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் மீதும் காற்று செலுத்தக்கூடிய விசை வர்க்க விகிதத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். இதை எண்ணாகப் பார்ப்பது நல்லது. 46 எஞ்சினுடன் பிட்ச் வேகத்தில் பறக்கும்போது எலிவேட்டரை முழுமூச்சாக இழுத்தால், சிறகு தாங்க வேண்டிவரும் உச்சச் சுமை ஏறத்தாழ 20 கிலோ. 61 எஞ்சினும் 12×8 ப்ரொப்பெல்லரும் சேர்ந்தால் அது 26 கிலோவைத் தாண்டும். இந்த உச்சச் சுமைக்கும் விமானத்தின் எடைக்கும் தொடர்பில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எடை கூடினால் ஜி எண் (சுமை எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது) குறையும், சுமை அதேதான். சுமையைக் கூட்டுவது வேகம் மட்டுமே. சிறகின் நடுத்தாங்கியான ஸ்பார், ‘நாற்பது வகை’ வேகத்துக்குக் கணக்கிட்ட அதே பால்சா ஸ்பார்தான். எஞ்சின் மாறியது அதற்குத் தெரியாது.

முழு அளவு விமான வரலாற்றில் இதற்கு ஒரு துயரமான முன்னிகழ்வு உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கிரான்வில் சகோதரர்கள் கட்டிய ‘ஜீ பீ’ மாடல் இசட் பந்தய விமானத்தில், உலக வேகச் சாதனை முயற்சிக்காக வாஸ்ப் ஜூனியர் எஞ்சினை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய வாஸ்ப் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1931 டிசம்பர் 5 அன்று டெட்ராய்ட்டில் நடந்த அந்த ஓட்டத்தில் வலச் சிறகு முறிந்து விமானி லோவல் பேல்ஸ் இறந்தார். எரிபொருள் மூடி கழன்று விமானியைத் தாக்கியதே தொடக்கக் காரணம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும், சிறிய எஞ்சினுக்காகக் கட்டிய சிறகு அந்த வேகத்தில் திடீரென்று வந்த சுமையைத் தாங்கவில்லை என்பது மாறாது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் ஆர்-1 விமானத்தில் ஜிம்மி டூலிட்டில் தாம்சன் கோப்பையை வென்றார். அந்த விமானம் தொடக்கத்திலிருந்தே பெரிய எஞ்சினைச் சுற்றி வரையப்பட்டது.

மாதிரி விமானத்துக்குத் திரும்புவோம். 12×8-ஐக் கழற்றிவிட்டு 13×6 ப்ரொப்பெல்லரைப் போட்டோம். எஞ்சினுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே சுமைதான். சுழற்சி 10,200-இல் நின்றது. ஆனால் இழுவை 2.8 கிலோவிலிருந்து 3.3 கிலோவுக்கு உயர்ந்தது. எடையும் 2.68 கிலோவுக்குக் குறைந்திருந்ததால், விகிதம் 1.02-இலிருந்து 1.23 ஆனது. பிட்ச் வேகமோ மணிக்கு 93 கிலோமீட்டருக்கு இறங்கியது. அந்த வேகத்தில் சிறகின் உச்சச் சுமை 14 கிலோ அளவு. பழைய 46 எஞ்சினில் இருந்ததைவிடக் குறைவு. பெரிய எஞ்சினைப் போட்டும் மட்டப் பறப்பில் சிறகைப் பழையதைவிடப் பாதுகாப்பாக வைக்க முடியும் என்பது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கலாம். கணக்கு அதைத்தான் சொல்கிறது.

12×8-க்கு ஆதரவாகச் சொல்லத்தக்க ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. அதிக வேகத்தில் நுழையும் விமானம், அந்த உந்தத்தாலேயே செங்குத்தாகக் கொஞ்ச தூரம் ஏறிவிடும். பழைய பாணி சாகசப் பறப்பு அப்படித்தான் இருந்தது: ஓடுதளத்தின் நீளம் முழுவதும் வேகம் சேர்த்து, அதைச் செலவழித்து வடிவங்கள் வரைவது. அதற்கென்று வரையப்பட்ட ஒல்லி உடலும் மெல்லிய சிறகும் இருந்தால் 12×8 சரியான தேர்வே. தடித்த சிறகும் அகன்ற உடலும் கொண்ட இந்த விமானம், மெதுவாகவும் மாறாத வேகத்திலும் பறப்பதற்கே ஏற்றது. இன்றைய எஃப்3ஏ (ரேடியோ வான்சாகசத்துக்கான பன்னாட்டுப் பிரிவு) போட்டி விமானங்களும் அந்த வழியில்தான் போயிருக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் எஞ்சின் கொள்ளளவுக்கு 10 சி.சி. வரம்பு இருந்தது, இன்று கொள்ளளவுக்கு வரம்பு இல்லை, நீளமும் சிறகளவும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள் என்பதே விதி. பெரிய எஞ்சின்கள் வந்தபோது அந்த விமானங்கள் வேகமாகப் பறக்கத் தொடங்கவில்லை. மெதுவாக, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகத்தில் பறக்கத் தொடங்கின.

13 அங்குல ப்ரொப்பெல்லருக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 11 அங்குலத்தோடு ஒப்பிட்டால் அதன் நுனி தரைக்கு 25 மில்லிமீட்டர் நெருக்கமாக வருகிறது. முன்பு 45 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 20 ஆகிவிடும். புல்தரையில் அது போதவே போதாது. சக்கரக் கால்களை 15 மில்லிமீட்டர் நீட்டி, சக்கரங்களின் விட்டத்தை 10 மில்லிமீட்டர் கூட்டியதில் இடைவெளி 40 ஆனது. எஞ்சினின் எதிர்ச்சுழல்விசையும் பழையதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்ததால், எஞ்சினின் வலச் சாய்வை 2 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு மாற்றினோம். இல்லாவிட்டால், முழுத் திறனில் மெதுவாக ஏறும்போது விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

முன்சுவர்

எஞ்சினைக் கழற்றிய பிறகுதான் முன்சுவரின், அதாவது எஞ்சின் தாங்கி பொருந்தும் பலகையின், நிலை தெரிந்தது. 5 மில்லிமீட்டர் லைட் பிளைவுட். பக்கப் பலகைகளோடு வெள்ளைப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இடப்பக்கக் கீழ்மூலையில் பசைக்கோடு முடியளவு திறந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தியபோது அந்தப் பிளவிலிருந்து விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் மெல்லக் கசிந்து வந்தது. அதாவது பிளவு உள்ளே மரம் வரை போய், எண்ணெய் மரத்தில் ஊறத் தொடங்கியிருந்தது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. இன்னும் சில வாரங்கள் பறந்திருந்தால் எஞ்சின் தாங்கியோடு சுவரும் கழன்று வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழைய சுவரை முழுவதும் வெட்டி எடுத்து, எண்ணெய் ஊறிய பகுதியைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, வெயிலில் நன்கு உலரவிட்டோம். புதிய சுவர் 6 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். மெதுவாக இறுகும் எபாக்ஸியால் ஒட்டி, உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகள் வைத்து, பக்கப் பலகைகளின் வழியே சுவரின் விளிம்புக்குள் 3 மில்லிமீட்டர் மூங்கில் ஆணிகளை அடித்தோம். பசை விட்டாலும் மூங்கில் ஆணிகள் சுவரை விடாது. சுவரின் முகத்தில் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்துப் பரப்பி, எல்லா மரப்பரப்பையும் எரிபொருள் புகாதபடி மூடினோம். இதனால் கூடிய எடையும் கார்பன் தள்ளுகோலால் குறைந்த எடையும் ஏறத்தாழச் சமன்.

ஏலரான்

தேனீ இரைச்சலுக்குக் காரணம் ஏலரானின் (விமானத்தை உருட்டும், சிறகின் அசையும் பரப்பின்) படபடப்பு என்பதை விமானத்தைக் கையில் எடுத்த உடனே ஊகித்தேன். பிரித்துப் பார்த்ததும் உறுதியாயிற்று. இந்த விமானத்தின் ஏலரான்கள் சிறகின் பின்விளிம்பு நெடுக ஓடும் ஒல்லிப் பட்டைகள். சிறகின் நடுவில் உள்ள ஒரே சர்வோ, முறுக்குக் கம்பிகள் வழியாக உடலருகே உள்ள முனையை மட்டும் திருப்புகிறது; வெளிமுனையைப் பிடித்திருப்பது பால்சா பட்டையின் முறுக்கு விறைப்பு மட்டுமே. வலப்பக்க ஏலரானை உள்முனையில் இறுகப் பிடித்துக்கொண்டு வெளிமுனையை விரலால் அசைத்தபோது, அது மேலும் கீழுமாக 5 மில்லிமீட்டர் ஆடியது. கடைசிக் கீலின் இழைகள் பாதி கிழிந்து, ஒட்டியிருந்த பசையிலிருந்து பிரிந்திருந்தன. 46 எஞ்சினின் வேகத்தில் இந்த நெகிழ்ச்சி உறங்கிக் கிடந்தது; 12×8 ப்ரொப்பெல்லருடன் கீழ்நோக்கிப் பாய்ந்தபோது விழித்துக்கொண்டது. படபடப்புக்கு ஒரு தொடக்க வேகம் உண்டு: அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது, அதைத் தாண்டினால் ஓரிரு நொடிகளில் கீல்களைப் பிய்த்துவிடும். இரைச்சல் கேட்டவுடன் அவர் த்ராட்டிலைக் குறைத்ததுதான் விமானத்தைக் காப்பாற்றியது.

ப்ரொப்பெல்லரை மாற்றியதால் மட்ட வேகம் குறைந்துவிட்டதே, ஏலரானை அப்படியே விடலாமா என்ற கேள்வி எழுந்தது. விடக்கூடாது. கீழ்நோக்கிப் பாயும்போது விமானத்தின் எடையே அதை இழுக்கிறது. எடை கூடிய விமானம் கூடுதல் வேகத்தை எட்டும். நடு சர்வோவையும் முறுக்குக் கம்பிகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஏலரானின் நடுநீளத்திலும் சிறகின் அடியில் 25 கிராம் சர்வோ ஒன்றைப் பதித்தோம். பட்டையை நடுவில் பிடிப்பதால், பிடிக்கும் இடத்திலிருந்து நுனி வரையிலான நீளம் பாதியாகிறது. பரவலான காற்று விசையின் கீழ் நுனி முறுக்கம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது நான்கில் ஒன்றாகிறது. கீல்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, சிறகுக்கும் ஏலரானுக்கும் இடையிலான இடுக்கைத் தெளிந்த ஒட்டுநாடாவால் மூடினோம். தரம் வாய்ந்த நான்கு கிளெவிஸ்களையும் (தள்ளுகோலின் நுனிக் கவ்விகள்) தளர்வில்லாத ஹார்ன்களையும் (அவை மாட்டும் நெம்புகள்) போட்டது செலவில் மிகச் சிறியது, பயனில் மிகப் பெரியது.

பறப்பில் கண்டவை

மீண்டும் பறக்கவிட்டபோது முதலில் கண்ணில் பட்டது, விமானம் மெதுவாகத் தோன்றியது என்பதே. அந்த இளைஞருக்கு அது முதலில் ஏமாற்றமாக இருந்தது. லூப்பைத் தொடங்கிய பிறகு முகம் மாறியது. முக்கால் த்ராட்டிலில் நுழைந்து, மேல்பாதியில் முழுத் த்ராட்டிலைக் கொடுத்ததும், உச்சியில் வேகம் இழக்காமல் வட்டம் வட்டமாகவே முடிந்தது. செங்குத்து ஏற்றத்தில், ஸ்டால் டர்னுக்குத் (உச்சியில் வேகமிழந்து பக்கவாட்டில் திரும்பி இறங்குவதற்கு) தேவைப்பட்டதைவிட நெடுந்தூரம் ஏறியது. எனினும் எல்லையின்றி ஏறவில்லை. ஏற ஏறக் காற்று எதிரே வருவதால் ப்ரொப்பெல்லரின் இழுவை குறைகிறது, நிலையான 1.23 விகிதம் பறப்பில் அப்படியே கிடைப்பதில்லை. ஸ்பின் கட்டளையை விட்ட பிறகு நிற்க எடுத்துக்கொண்ட சுற்று கண்கூடாகக் குறைந்தது. முழுத் த்ராட்டிலில் பாய்ந்து பார்த்தபோதும் ஏலரானில் இரைச்சல் இல்லை. பெரிய ப்ரொப்பெல்லர் பாயும்போது காற்றுத் தடையாகவும் வேலை செய்கிறது என்பதை இதில் கணக்கில் கொள்ள வேண்டும். அதே தடை, ஐடிலில் (எஞ்சின் மிகக் குறைந்த சுழற்சியில் ஓடும்போது) தரையிறங்கும்போது மிதப்பைக் கட்டுப்படுத்தியது. ஸ்டால் வேகம் (சிறகு விமானத்தைத் தாங்கும் மிகக் குறைந்த வேகம்) கணக்குப்படி மணிக்கு 38 கிலோமீட்டரிலிருந்து 40-க்குச் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. இறங்கும் வேகத்தில் அந்த வேறுபாட்டைக் கையில் உணர முடிகிறது, ஆனால் அதனால் தொல்லை இல்லை.

இந்த வேலைக்கு ஆன செலவையும் நேரத்தையும் பார்க்கும்போது, இந்த உடலுக்கு 61 எஞ்சின்தான் வேண்டுமா என்று கேட்பது நியாயம். 46 எஞ்சினையே வைத்துக்கொண்டு 11×6-க்குப் பதிலாக 12×4 போட்டிருந்தால், செலவில்லாமல் இழுவை ஓரளவு கூடியிருக்கும். அதை முதலில் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்த ஆதாயம், மேட்டுநிலக் காற்றும் நைட்ரோ இல்லாத எரிபொருளும் எடுத்துக்கொண்டதை முழுவதும் திருப்பித் தந்திருக்காது. இதே உடலைச் சமவெளியில் பறக்கவிடுவோருக்கு இந்த மாற்றத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓசூர் போன்ற உயரத்தில் பறப்போர், முன்சுவர், ஏலரான், பேட்டரி இருப்பிடம், சக்கரக் கால் ஆகிய நான்கையும் மாற்றும் பொறுமை இருந்தால் மட்டும் செய்யலாம்.

12×8 ப்ரொப்பெல்லர் அந்த விமானத்துக்கு இனி வேண்டாம் என்று எஞ்சின் தாங்கியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். முன்சுவரின் நான்கு மூலைகளையும் ஏலரானின் வெளிக் கீல்களையும் ஒவ்வொரு பறப்பு நாளின் முடிவிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதும், சிறகைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதும் உரிமையாளருக்குத் தரப்பட்ட குறிப்புகள்.